ஒரு இரவுக்கு எந்த அறையும் போதும்

ஜப்பானுக்கு ஒரு தரமும் போகாத சுவர்ணாவுக்கு ஜப்பான் ஹோட்டல்களைப் பற்றி இருந்த அபிப்பிராயங்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட இருக்காது. லண்டனில், தன் செவன் கிங்ஸ் வீட்டுக் குசினி மேசையில் சீனிப் போத்தலோடு ஐபாடைச் சாய்த்து வைத்து, மகள் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க இளக்காரம் பொங்கிக்கொண்டு வந்தது. அதை ஆற விடாமல் மகளுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, உது அறையோ? உடுப்பு அலுமாரி. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலாலை இறங்கினால் கக்கூஸ். சூட்கேசை எங்கை வைக்கிறது, என்ரை தலையிலையோ?”

“சூட்கேஸ் டோக்கியோவிலை கீர்த்தனனோடை நிக்கும் அம்மா,” என்றாள் கோசிகா. “நாங்கள் ஆளுக்கொரு சின்ன பாக்கோடைதான் போறம். பொழுதுபடப் போய் இறங்கிறம், விடிய வெளிக்கிடுறம். துப்புரவான கட்டிலும் சுடுதண்ணியும் காணும். ஸ்ரேசனிலை இருந்து கொஞ்ச நடைதான். வேறை என்ன வேணும்?”

“ஸ்ரேசனைப் பாக்கவோ ஜப்பானுக்குப் போறது? ஸ்ரேசன் எண்டால் இல்ஃபோர்ட்டிலையும் நல்லதொண்டு இருக்கு.”

கோசிகா சுவர்ணாவின் ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை, வீடு இரண்டு ஸ்ரேசன்கூடத் தள்ளியில்லாத குட்மேய்ஸில். அவளுடைய கணவன் கீர்த்தனனை அவன் கம்பனி மே மாதம் ஒரு கிழமைக்கு டோக்கியோவுக்கு அனுப்புகிறது. தங்க இடமும் கம்பனியே கொடுக்கிறது. அவன் கந்தோரில் கிடக்கும் நாட்களில் பெண்கள் மட்டும் ரெயினேறிக் கனாசவா, ஹிரோஷிமா, நகோயா என்று மூன்று ஊர் பார்த்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. ஊருக்கு ஓர் இரவு. அந்த மூன்று இரவுகளுக்கு ஹோட்டல் எடுக்கும் விஷயத்தில்தான் சுவர்ணா கோடு கிழித்து நின்றாள்.

கனாசவா அறை அலுமாரி என்று தள்ளியாயிற்று. ஹிரோஷிமா ஹோட்டலில் மேல்மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய வெந்நீர்த் தொட்டி இருந்தது. ஜப்பான்காரர் அதற்காகவே அங்கே போய்த் தங்குவார்களாம். “உரிஞ்சாங்குண்டியோடை ஊராரோடை போய் இருக்கவோ?” என்று கேட்டாள். அறைக்குள்ளும் குளிக்கலாம் என்று மகள் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகோயா ஹோட்டலில் வாசலிலேயே இரவு உடுப்பு மடித்து அடுக்கி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் தங்கள் அளவுக்கு எடுத்துப் போடலாம். “ஆரோ போட்டுக் கழட்டினதை நான் போடுறதோ!” காலைச் சாப்பாட்டுக்குப் பொரித்த மீனும் சோறும் என்று படத்தில் கண்டதும், “விடியக்காலமை மீன்!” என்று ஐபாடையே கவிழ்த்து வைத்தாள்.

இத்தனையும் பேசியது யார் என்று பார்க்க வேண்டும். போன வருஷம் பாரிஸில் ஒரு கலியாணத்துக்குப் போய், உறவினர் வீட்டு ஹோலில் வரிசையாகப் பாய் போட்டு, காலை நீட்டினால் மற்றவர் தலையில் முட்டும்படி படுத்தெழும்பி வந்தவள். அங்கே ஒரே ஒரு குளியலறைக்கு முன்னால் சாமத்தியவீட்டுக் கூட்டம் போலச் சனம் நின்றது. அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை அவள் வாயில் வரவில்லை. நல்லாய்க் கவனித்தார்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வாள். ஆக, அறையின் அளவெல்லாம் வெறும் சாட்டு.

உண்மை இதுதான். ஓகஸ்ட்டில் கீர்த்தனனுக்கு, நாட்டின் வடக்குக் கோடியில் இருக்கிற அபர்டீனுக்கு வேலை மாற்றம். மகளும் மருமகனும் அங்கே வீடு வாங்கியாயிற்று. புருஷன் போன பிறகு சுவர்ணாவுக்கென்று இருப்பது, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் இந்த ஒரு பிள்ளைதான். அந்த வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறை கூடுதலாக இருந்தது, குளியலறையும் சேர்ந்தபடி. மாசி மாதத்தில் ஒருநாள் காரில் வரும்போது கோசிகா கேட்டாள்.

“அம்மா, நீங்களும் எங்களோடை அபர்டீனிலை வந்து இருக்கிறீங்களோ? கீழை ஒரு அறை கிடக்கு.”

சுவர்ணாவின் நெஞ்சு துள்ளியது. வாய் சொன்னது: “எனக்கென்ன விசரே? அந்தக் குளிருக்கை ஆர் வாறது? நீங்கள் சந்தோசமாய்ப் போங்கோ.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நாலு பேர் மதிக்க வாழ்கிற எங்கள் ஆட்களிடம் முதல் தரம் கேட்பது கேள்வியே அல்ல, கதவைத் தட்டுவது மாதிரி ஒரு சங்கதி. அதற்கு வேண்டாம் என்பதுதான் மரியாதை. இரண்டாம் தரமும் வேண்டாம். மூன்றாம் தரம் கையைப் பிடித்து வற்புறுத்தும்போது, உங்களுக்காகத்தான் என்ற முகத்தோடு, இழுபட்டுக்கொண்டு சம்மதிக்க வேண்டும். பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வாங்குவதும் இப்படித்தான், பெண் கொடுப்பதும் இப்படித்தான். இந்தக் கூத்தில் பசியோடு எழும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை.

கோசிகா கியரை மாற்றி, “ஓகே அம்மா,” என்று ஹை றோட்டில் திரும்பினாள். அதோடு கதை முடிந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்து அனுப்பிய பிள்ளை. பங்குனி வந்தது, சித்திரையும் வந்தது, இரண்டாம் கேள்வி வரவேயில்லை. தானாக வாய் திறந்து கேட்பதைவிட நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் என்பது சுவர்ணாவின் கட்சி.

அப்போதுதான் ஜப்பான் பயணம் வந்தது. மூன்று இரவு மகளோடு ஓர் அறையில் படுக்கலாம். லைட்டை அணைத்துப்போட்டு அருகருகே கிடக்கையில் பேச்சைக் குளிர் பக்கம் தள்ளி, குளிரில் இருந்து அபர்டீன் பக்கம் தள்ளி, பிள்ளையை இன்னொரு தரம் கேட்க வைத்துவிடலாம். பகலில் முகம் பார்த்துச் சொல்ல முடியாததை இருட்டில் சொல்லலாம். அவளுக்கு ஜப்பான் என்பது அந்த மூன்று இருட்டுத்தான். கோட்டையும் வேண்டாம், கோயிலும் வேண்டாம்.

இதில் மண் விழுத்தியவள் சம்பந்தி நகுலேஸ்வரி. கீர்த்தனனின் தாய். அவளும் புருஷனை இழந்தவள், வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் தனி வீடு. மாமியையும் ஒரு வார்த்தை கேட்கத்தானே வேண்டும் என்று கோசிகா ஜப்பானுக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். கேட்டு வாய் மூடவில்லை.

“ஓம், வாறன். என்ன திகதி?”

இதைக் கேள்விப்பட்டபோது சுவர்ணாவுக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது. கேட்டவுடன் ஓமென்கிறவளும் ஒரு பெண்ணா? ஒரு ‘ஐயோ, நான் எதுக்கு’ இல்லை, ஒரு ‘உங்களுக்குக் கரைச்சல்’ இல்லை. பஸ்ஸில் இருக்கை காலியானதும் பாய்ந்து இருக்கிற சாதி என்று மனதுக்குள் ஒரு முத்திரை குத்தி வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நகுலேஸ்வரி எலிசபெத் லைன் ரெயின் ஏறி லண்டனை இந்த முனையில் இருந்து அந்த முனைக்குக் கடந்து வந்திருந்தாள். கோசிகா தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தாள்.

“ஸ்ரேசனுக்குக் கிட்ட இருக்கிற ஹோட்டலுகளிலை மூண்டு பேருக்கு ஒரு அறை இல்லை. ரெண்டு கட்டில் போட்ட அறை ஒண்டு, தனி ஆள் அறை ஒண்டு, அப்பிடித்தான் எடுக்கலாம். அம்மா, நீங்கள் என்னோடை படுக்கிறீங்களோ?”

பழம் நழுவி மடியில் விழுந்திருந்தது. சுவர்ணா அதை எடுத்துச் சம்பந்தியின் மடியில் போட்டாள்.

“எனக்கென்ன, நான் எங்கையும் படுப்பன். ஒரு இரவுதானே, எந்த அறையும் காணும். மாமியைப் பார் பிள்ளை.”

சொல்லிவிட்டு நகுலேஸ்வரியைப் பார்த்துச் சிரித்தாள். சீச்சீ, தாயும் மகளும் ஒன்றாய்ப் படுங்கோ என்று சம்பந்தி சொல்ல வேண்டிய இடம் அது. நகுலேஸ்வரி வாயில் இருந்த சோற்றை ஆறுதலாக விழுங்கினாள்.

“ஓம், அது நல்லது. எனக்குத் தெரியாத இடத்திலை தனியப் படுக்கப் பயம்.”

கோசிகா தலையாட்டிக்கொண்டு போனில் ஏதோ தட்டினாள். வெஸ்ட் ஈலிங்கில் ஒரு முழு வீட்டில் தன்னந்தனியாகப் படுத்துறங்குகிறவளுக்குக் கனாசவாவில் பயம் வருமாம். சுவர்ணா தட்டில் கிடந்த சோற்றை நசிய நசியப் பிசைந்தாள். ஆனாலும் சிரிப்பைக் குறைக்கவில்லை, பருப்பு நல்லாய் இருக்கு என்று வேறு சொன்னாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் ஹோட்டல் யுத்தம். அறையை மாற்று என்று கேட்க வாய் வராது, ஆகவே ஹோட்டலையே மாற்ற வேண்டும். மூன்று பேரும் ஒன்றாய்ப் படுக்கிற மாதிரி ஓர் இடம் கிடைத்தால் போதும், சம்பந்தியைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு நடுவில் தான் படுத்துக்கொள்ளலாம். கனாசவாவுக்கு மலைப்பக்கம் ஒரு பழைய விடுதி கண்டுபிடித்தாள். பாய் விரித்த தரை, மெத்தை போட்டுத் தருவார்கள், எத்தனை பேரும் படுக்கலாம்.

“அம்மா, அது ஸ்ரேசனிலை இருந்து பஸ் பிடிச்சு மலை ஏறோணும். ஆறு மணிக்கு முதல் போய்ச் சேராட்டில் இராச்சாப்பாடும் இல்லை. எங்கடை ரெயின் போய்ச் சேரவே இருட்டீடும். விடிய ஏழு மணிக்கு நாங்கள் ஹிரோஷிமாவுக்கு வெளிக்கிடோணும்.”

“எல்லாத்துக்கும் அவதி உனக்கு. ஊர் பாக்கப் போறியோ, ஓட்டப்பந்தயத்துக்குப் போறியோ?”

ஹிரோஷிமாவுக்கு நாலு கட்டில் போட்ட குடும்ப அறை ஒன்று கண்டாள். அது விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஊரில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். கோசிகா மறுத்தாள். கடைசியாகச் சுவர்ணா எங்கள் ஆட்களுக்கு மட்டுமே உதிக்கக்கூடிய யோசனையைச் சொன்னாள்.

“ரெண்டு பேர் எண்டு எழுதி அறையை எடு. மூண்டு பேரும் போவம். நான் நிலத்திலை ஒரு போர்வையை விரிச்சுப் படுக்கிறன். ஆர் வந்து தலையை எண்ணப்போறான்?”

“எண்ணுவினம் அம்மா. அங்கை அறைக்கில்லை, ஆளுக்குத்தான் காசு. ஒவ்வொரு ஆளின்ரை பாஸ்போட்டையும் வாசலிலை பாப்பினம். உங்களை வெளியிலை விட்டிட்டு நாங்கள் உள்ளை போறதோ?”

அது தனக்கு ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற விஷயம் என்று சுவர்ணாவுக்குப் பட்டது. ஆனால் சொன்னது, “ஜப்பான்காரருக்கு ஒரு அனுசரிப்புத் தெரியாது,” என்று. ஒரு முழு நாட்டின் மேல் பழியைப் போட்டாள், தன் நாக்கின் மேல் போடவில்லை. ஒரு வாக்கியத்தில் முடிகிற காரியத்துக்கு இத்தனை ஹோட்டல்களை நார்நாராகக் கிழிக்கிறோமே என்ற வெட்கம் இருந்தால் எங்கள் சனம் எப்போதோ உருப்பட்டிருக்கும்.

இரண்டு ஞாயிறு தள்ளி மறுபடியும் நாலு பேரும் அதே மேசையில். அந்தக் கிழமை ஜப்பானில் விடுமுறைக் காலம் தொடங்குகிறதாம், அறைகள் ஒவ்வொன்றாய்ப் பறந்துகொண்டிருந்தன. இன்றைக்கே எடுத்து முடிக்க வேண்டும் என்று கோசிகா போனை நடுவில் வைத்தாள். கீர்த்தனன் வழக்கம்போல ஒன்றிலும் பட்டுக்கொள்ளாமல் தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகுலேஸ்வரி தட்டில் இருந்த வடையை அனுபவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“நகோயா ஹோட்டலிலை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர்,” என்று சுவர்ணா தொடங்கினாள்.

கோசிகா கையை மேசையில் வைத்தாள். “அம்மா, போதும். ஒண்டும் பிடிக்கேல்லை உங்களுக்கு. ஒரு இரவு படுத்தெழும்பிற இடத்துக்கு இவ்வளவு சண்டையோ? உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்கோ, செய்யிறன்.”

எனக்கென்ன என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதே நேரம் நகுலேஸ்வரி இரண்டாம் வடையை எடுத்தாள். யாரும் எடுங்கோ என்று சொல்லவில்லை. தானாகக் கையை நீட்டி எடுத்துக் கடித்தாள். அதைப் பார்த்ததும் சுவர்ணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாசத்தால் முடியாத காரியத்தை அந்த எரிச்சல் செய்தது.

“எனக்கு உன்னோடை ஒரு அறையிலை படுக்க வேணும்.”

“அதைத்தானே முதலே கேட்டனான்?” கோசிகாவுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “நீங்கள்தானே எங்கையும் படுப்பன் எண்டனீங்கள்?”

“அது ஒரு மரியாதைக்குச் சொன்னது.”

“எனக்கு என்னெண்டு தெரியும் அம்மா? மாமி வேணுமெண்டவ, நீங்கள் வேண்டாமெண்டனீங்கள். சொல்லுறதைத்தானே நான் செய்யலாம்.”

நகுலேஸ்வரி கையைத் துடைத்தாள். “அதுக்கென்ன, மாத்திவிடு பிள்ளை. தாயும் மகளும் படுங்கோவன். நான் லைட்டைப் போட்டுக்கொண்டு படுக்கிறன்.”

அவ்வளவுதான். கோசிகா போனில் இரண்டு தட்டுத் தட்டினாள், முடிந்தது. அலுமாரி அறையும் வெந்நீர்த் தொட்டியும் விடியக்காலை மீனும் ஒரு நொடியில் நல்ல ஹோட்டல்கள் ஆகிவிட்டன. சுவர்ணாவுக்கு வெட்கம் வந்தது, அதோடு ஒரு தைரியமும் வந்தது. கேட்டால் கிடைக்கிறது! இருட்டும் வேண்டாம், மூன்று இரவும் வேண்டாம். இந்தப் பட்டப்பகலிலேயே கேட்டுவிடலாம்.

“இன்னொண்டும் கேக்கிறன்,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அந்த அபர்டீன் அறை. நான் வாறன் பிள்ளை. எனக்கு உங்களோடை வந்து இருக்க வேணும். இஞ்சை தனிய இருக்க என்னாலை ஏலாது.”

கோசிகாவின் முகம் மாறியது. கீர்த்தனன் முதல் தடவையாகப் போனில் இருந்து தலையை எடுத்துத் தாயைப் பார்த்தான். நகுலேஸ்வரி தட்டைப் பார்த்தாள்.

“அம்மா…” கோசிகா எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். “உங்களைத்தான் நான் முதல் கேட்டனான். நீங்கள் வேண்டாமெண்டிட்டீங்கள். அதுக்குப் பிறகு மாமியைக் கேட்டனாங்கள். அவ வாறனெண்டிட்டா. ஜப்பானாலை வந்தாப்போலை உங்களுக்குச் சொல்லுவமெண்டு இருந்தம். ஒரு அறைதான் அம்மா இருக்கு.”

சுவர்ணாவுக்குக் காது அடைத்தது. மாசி மாதம் காரில் சொன்ன அந்த ‘எனக்கென்ன’ வெஸ்ட் ஈலிங்குக்குப் போய்ச் சம்பந்திக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்திருக்கிறது. அழுகை வந்தது. அழுதால் சம்பந்திக்கு முன்னால் அழுததாகிவிடும் என்று மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெற்ற தாய் இப்படி வாய்விட்டுக் கேட்ட பிறகு, அந்த அறையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க நகுலேஸ்வரியாலேயே முடியவில்லை. மகன் பார்க்கிறான், மருமகள் பார்க்கிறாள். வாழ்நாளில் ஒரு மரியாதைப் பேச்சுக்கும் இடம் கொடுக்காதவள் அன்றைக்கென்று வாயைத் திறந்தாள்.

“ஐயோ, எனக்கென்ன. சுவர்ணா போகட்டும். பெத்த தாய்தானே. நான் அம்மன் கோயிலோடை கிடப்பன், எனக்கொரு குறையும் இல்லை.”

சுவர்ணா நிமிர்ந்தாள். அந்தக் குரலின் ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் அவளுக்குத் தெரியும், பிறந்ததில் இருந்து அவளே பேசுகிற பேச்சு. அந்த ஐயோவுக்கும் எனக்கென்னவுக்கும் அடியில் என்ன கிடக்கிறது என்று இந்த மேசையில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அடுத்தது அவள் சொல்ல வேண்டிய இடம். சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா, உங்களுக்கெண்டு எடுத்த அறை என்று தொடங்க வேண்டும். நகுலேஸ்வரி இன்னொரு தரம் மறுப்பாள், சுவர்ணா இன்னொரு தரம் வற்புறுத்துவாள், கடைசியில் சம்பந்தி அபர்டீனுக்குப் போவாள். சுவர்ணா மானம் மரியாதை எல்லாம் முழுசாக இருக்க, செவன் கிங்ஸில் போய் ஒருவரும் இல்லாத வீட்டைத் திறப்பாள். நகுலேஸ்வரி அந்த வார்த்தைக்காக அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் அக்கா,” என்றாள் சுவர்ணா. “அது நல்லது. அப்ப நான் போறன்.”

நகுலேஸ்வரியின் வாய் கொஞ்சம் திறந்தபடி நின்றது. கோசிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது, தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மாமியார் பக்கம் திரும்பினாள்.

“மாமி, உண்மையாய் உங்களுக்கு ஓகேயோ?”

“எனக்கென்ன பிள்ளை,” என்றாள் நகுலேஸ்வரி. அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. குரல் கீழே போய்விட்டது.

கோசிகா நம்பினாள். கீர்த்தனனும் நம்பினான். வந்த சிக்கல் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்ததே என்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி. மனைவியின் போனை வாங்கி, எந்த அறையில் யார் பெயர் என்று தானே நிரப்பத் தொடங்கினான்.

“அம்மா, அப்ப மூண்டு ஊரிலையும் உங்களுக்குத் தனி அறை, என்ன?”

“ஓம்,” என்றாள் தாய்.

பிறகு நகுலேஸ்வரி மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கடைசியில் சுவர்ணாவைப் பார்த்தாள். யாராவது ஒருவர் இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்தாள். சம்பந்தி எதற்குக் காத்திருக்கிறாள் என்று சுவர்ணாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் கேட்கவில்லை.